மூன்று பேர், 69 கிலோ தபால்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த் நகரத்துக்கும், இலங்கையின் தெற்கே காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கல ஏரிக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏழு மணி நேரம் போதும். 1943ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1945 ஜூலை வரை ஆஸ்திரேலிய விமான நிறுவனமான க்வாண்டாஸின் கேடலினா கடல்விமானங்கள் எங்கும் இறங்காமல் இந்தத் தூரத்தைக் கடந்தன. எடுத்துக்கொண்ட நேரம் 27 மணியிலிருந்து 33 மணி வரை. காற்று கூட வந்தால் சீக்கிரம், எதிர்த்து நின்றால் இன்னொரு அரைப்பகல். ஏறியவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் எழுவதைப் பார்த்தார்கள். அதனால் அந்தச் சேவைக்கு ‘இரட்டை உதயம்’ என்று பெயர் வந்தது. ஒரே மூச்சில் வானத்தில் இருந்த நேரத்தை வைத்துப் பார்த்தால், அட்டவணைப்படி ஓடிய பயணிகள் விமானங்களில் அதைவிட நீண்டது இன்றுவரை இல்லை.

இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஓர் எண் சொல்வார்கள். எவ்வளவு நேரம் என்றால் இன்னோர் எண். கேட்டவருக்கும் அதோடு திருப்தி ஆகிவிடும். எனக்கு மூன்றாவதாக ஓர் எண் வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு எதைச் சுமந்துபோக முடிந்தது? பெர்த்திலிருந்து கொக்கலவுக்குப் போன கேடலினாவில் மூன்று பயணிகள் ஏறலாம், 69 கிலோ தபால் ஏற்றலாம். அதற்கு மேல் இடமில்லை. தூரம் என்றால் என்ன என்பதை எந்த வரைபடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இந்தச் சேவை தேவைப்பட்டதற்குக் காரணம் சிங்கப்பூர். அதற்கு முன்பு, 1938இலிருந்து, இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குக் கடல்விமானம் ஓடிக்கொண்டிருந்தது. கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் என்று இறங்கி இறங்கி, இரவில் ஓட்டலில் தூங்கி, ஒன்பது பத்து நாளில் போய்ச் சேரலாம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் ஜாவா போனது, அந்தமான் போனது. சங்கிலியின் நடுக்கண்ணிகள் கழன்றுவிட்டதால் ஆஸ்திரேலியா ஒரு பக்கமும் இந்தியா ஒரு பக்கமும் தனித்தனியாகக் கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்தது கடல் மட்டும்தான். அந்தக் கடலின் வடகிழக்கு ஓரம் முழுக்க எதிரியின் கையில் இருந்தது.

அந்த 1942 ஏப்ரல் மாதத்தை நம் பக்கத்துப் பெரியவர்கள் வேறு விதமாக நினைவு வைத்திருந்தார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலையில் விழுந்தது. சென்னையில் அரசாங்கமே ஜனங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. மூட்டை முடிச்சோடு ரயிலுக்கு நின்ற குடும்பங்களின் கதை தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கலாம். கொழும்பைத் தாக்க வந்த கப்பற்படையை முதல் நாளே கண்டுபிடித்தது கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேடலினாதான். அதை ஓட்டியவர் கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பர்ச்சல். செய்தியை ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். உயிர் தப்பிய அவர் போர் முடியும்வரை ஜப்பானியரின் கைதியாக இருந்தார். ஆக, இதே ஏரியிலிருந்து இதே வகை விமானத்தில் கிளம்புவதன் ஆபத்து என்னவென்று க்வாண்டாஸ்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அடுத்த ஆண்டு கிளம்பினார்கள்.

கேடலினா வேகத்துக்குப் பெயர்போன விமானம் இல்லை. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் நிதானமாகப் போகும். உடல் ஒரு படகு, அதற்கு மேலே ஒரு தூண் தாங்கி நிற்கும் நீண்ட இறக்கை, இறக்கையில் இரண்டு இயந்திரங்கள். சாதாரண நிலையில் 4,000 கிலோமீட்டர் சொச்சம் பறக்கும். இங்கே இன்னும் 1,600 கிலோமீட்டர் வேண்டியிருந்தது. அதை எங்கிருந்து எடுப்பது? அவர்கள் செய்த வேலை எளிமையானது, கடுமையானதும்கூட. விமானத்திலிருந்து கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். பனி படியாமல் தடுக்கும் கருவி போனது. குளிரையும் சத்தத்தையும் தடுக்கும் உள்பூச்சு போனது. மிச்சமான இடத்தில், மனிதர்கள் உட்காரும் அறைக்குள்ளேயே, கூடுதல் பெட்ரோல் தொட்டிகளை வைத்தார்கள். ஏறத்தாழ 16 டன் எடையோடு விமானம் பெர்த்தின் ஸ்வான் ஆற்றின் மேல் ஓட ஆரம்பிக்கும். அதற்காக வடிவமைத்த எடையைவிட அது மிக அதிகம். அந்த 16 டன்னில் ஆறு டன்னுக்கும் மேல் எரிபொருள்.

இந்தக் கணக்கில் ஒரு கொடுமை உண்டு. எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். இருபதாம் மணியில் எரிக்கப்போகும் பெட்ரோலை முதல் மணியிலிருந்தே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படித் தூக்குவதற்காகவே இன்னும் கொஞ்சம் பெட்ரோல் எரியும். தூரம் இரண்டு மடங்கானால் தேவை இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. அதனால்தான் நீண்ட பயணத்தின் ஆரம்பம் மிக அபாயமானது. தண்ணீரைவிட்டு எழுந்த முதல் சில மணி நேரத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் மற்றொன்றால் அவ்வளவு எடையை வானத்தில் வைத்திருக்க முடியாது. எரிய எரியத்தான் விமானம் இலேசாகும். போகப்போகத்தான் பத்திரம் கூடும். கடலின் நடுவில், நிலத்துக்கு வெகுதூரத்தில் இருக்கும்போது அந்த விமானிக்குக் கிளம்பிய நேரத்தைவிடக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும். கேட்க விநோதமாக இருந்தாலும் எடைக்கணக்கு அதைத்தான் சொல்கிறது.

ரேடியோவில் கேட்கலாம், பேசக் கூடாது. பேசினால் இருக்குமிடம் தெரிந்துவிடும். ஜப்பானியர் பிடியில் இருந்த தீவுகளுக்கு எட்டும் பகுதியை இரவில் கடக்கும்படி புறப்படும் நேரத்தை அமைத்திருந்தார்கள். பாதையில் கொக்கோஸ் தீவுகளை விட்டால் நிலம் என்று சொல்ல எதுவும் இல்லை. கீழே அடையாளம் கிடையாது, பேச்சுத் துணை கிடையாது. மிச்சம் இருந்தது வானம்தான். விமானத்தின் வழிகணிப்பாளர் செக்ஸ்டன்ட் கருவியை எடுத்து நட்சத்திரத்தின் உயரத்தை அளப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், அட்டவணையைப் புரட்டுவார், தாளில் ஒரு புள்ளி வைப்பார். மேகம் மூடினால் அந்தப் புள்ளியும் இல்லை. இந்தச் சேவையில் இருந்த ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள்: அல்டேர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைக்கா. நம் பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு அவற்றில் மூன்று பழக்கமானவை. அல்டேர் நம் திருவோணம், அன்டாரெஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. ஜாதகத்தில் பார்த்த நட்சத்திரத்தை நம்பி ஒரு மனிதர் இந்தியப் பெருங்கடலை இருட்டில் தாண்டியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது.

ஒரு முறை இரு முறையில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 271 முறை கடந்தார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை.

பயணிகளைப் பற்றி யோசிக்கிறேன். மூன்றே பேர். பெரும்பாலும் ராணுவத்தினர், அதிகாரிகள், போர் வேலையாகப் போனவர்கள். வெப்பம் காக்கும் பூச்சு உரித்தெடுக்கப்பட்ட தகர உடலுக்குள், பெட்ரோல் தொட்டிகளுக்கு நடுவே, இரண்டு இயந்திரங்களின் இரைச்சலில், ஒரு பகலும் ஓர் இரவும் மறுபடி ஒரு பகலும். இறங்கியதும் கையில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், ‘இரட்டை உதய ரகசியக் குழு’வில் இவர் உறுப்பினர் என்று. அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தவர்கள் உண்டு. வாங்கியவர் ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தை உணர்ந்திருப்பார். தன் உடம்பின் எடைக்காக அந்த விமானத்தில் வேறு எதையோ விட்டிருக்கிறார்கள். தனக்குப் பதில் இன்னொரு மூட்டை கடிதம் போயிருக்கலாம்.

கடிதங்களுக்கும் இந்தக் கணக்கு தப்பவில்லை. அதே போர்க்காலத்தில், 1941இல், பிரிட்டிஷார் ஏர்கிராஃப் என்றொரு முறையைக் கொண்டுவந்தார்கள். சிப்பாய் ஒரு படிவத்தில் கடிதம் எழுதுவான். அதைப் படம் பிடித்துச் சின்னஞ்சிறு ஃபிலிம் சுருளாக்கி அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் காகிதத்தில் அச்சிட்டு வீட்டில் கொடுப்பார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் கையளவு ஃபிலிம் ஆகிவிடும். அம்மாவுக்குக் கிடைப்பது மகன் தொட்ட காகிதம் இல்லை, அதன் நிழற்படம். ஆனாலும் அவன் கையெழுத்து. கோணல் மாணலாக எழுதியது, அடித்துத் திருத்தியது, எல்லாம் அப்படியே இருக்கும். காகிதத்தின் எடையை மட்டும் வழியில் கழற்றிவிட்டார்கள்.

திருச்சி விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிற பையன் ஒருவன் வாசலுக்கு வெளியே தரையில் அட்டைப்பெட்டியின் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பான். எடை கூடிவிட்டது. சுற்றிலும் குடும்பம் குந்தியிருக்கும்.

“தம்பி, அரிசி மாவ எடுத்துருவமா?”

“மாவு இருக்கட்டும்மா. அந்தச் சட்டை ரெண்ட எடு.”

“வத்தலாச்சும் கொஞ்சம்...”

“அக்கா, அந்த ஊறுகா பாட்டில வெளிய எடு. கண்ணாடி கனக்கும்.”

எடுத்து வைத்ததெல்லாம் ஒரு கட்டைப்பையில் சேரும். அந்தப் பை ஊருக்குத் திரும்பிப் போகும். அந்தக் குடும்பத்துக்குச் சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. ஆனால் எவ்வளவு தூரம் என்று தெரியும். கட்டைப்பையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். பெர்த்தில் கேடலினாவின் உள்பூச்சை உரித்த மெக்கானிக்குக்கும் இந்த அம்மாவுக்கும் முன்னால் இருந்தது ஒரே கேள்விதான்: எதை விட்டுவிட்டுப் போகலாம்?

இன்று உலகின் மிக நீண்ட இடைநில்லா விமானச் சேவை சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே இருக்கிறது. சுமார் 15,300 கிலோமீட்டர், ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம். 1942இல் விழுந்து கேடலினாக்களைக் கடலுக்கு அனுப்பிய அதே சிங்கப்பூர். செய்தித்தாள்கள் இந்த இரண்டு எண்களைத்தான் பெரிய எழுத்தில் போட்டன. மூன்றாவது எண்ணைத் தேடினால் பழைய கதை தெரிகிறது. 2004இல் நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நியூவர்க்குக்கு நான்கு இயந்திர ஏர்பஸ் ஒன்றில் 181 இருக்கைகளோடு தொடங்கினார்கள். எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. 2008இல் இருக்கைகளை 100 ஆகக் குறைத்து, எல்லாவற்றையும் பிசினஸ் வகுப்பாக்கினார்கள். அதுவும் தாங்காமல் 2013இல் நிறுத்திவிட்டார்கள். 2018இல் புதிய ஏ350 வகையில் மறுபடி தொடங்கினார்கள். இதில் 161 இருக்கைகள்தான். சாதாரண எகானமி வகுப்பு ஒரு வரிசைகூடக் கிடையாது. அந்த விமானத்தின் உச்ச எடை 280 டன். தொட்டிகளை நிரப்பினால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எரிபொருள் மட்டுமே இருக்கும். கேடலினாவில் ஐந்தில் இரண்டு பங்கு. முக்கால் நூற்றாண்டில் இயந்திரம் எவ்வளவோ மாறியிருக்கிறது. தூரம் கேட்கும் பங்கு அவ்வளவாக மாறவில்லை.

மாறியது வேறொன்று. 1943இல் யாரை விடுவது என்பதை அவசரத்தை வைத்து முடிவு செய்தார்கள். இப்போது விலையை வைத்து முடிவு செய்கிறார்கள். திருச்சிப் பையன் என்றாவது நியூயார்க் போவதாக இருந்தால் இந்த விமானத்தில் போக மாட்டான். எங்காவது இறங்கி, நாற்காலியில் சாய்ந்து தூங்கி, இன்னொன்றில் ஏறிப் போவான். அவனுக்குப் பயண நேரம் முப்பது மணிக்கும் மேல் ஆகலாம். கேடலினாவின் கணக்குக்கே வந்துவிடுகிறது. இடைநில்லாப் பயணம் உலகத்தைச் சுருக்கிவிட்டது என்று எழுதுகிறவர்கள் யாருக்குச் சுருங்கியது என்றும் எழுத வேண்டும். இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

கேடலினாக்களின் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1944இலேயே லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தை மாற்றி இதே கடலுக்கு மேலே ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அது தரையில் இறங்குவது, வேகமானது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலுள்ள லேர்மந்த்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானைக்குப் பதினேழு மணி அளவில் வந்து சேர்ந்துவிடும். இரண்டாவது உதயம் கணக்கிலிருந்து போய்விட்டது. போர் முடிந்தபின் கேடலினாக்களை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கடன்-குத்தகை ஏற்பாட்டில் அமெரிக்கா கொடுத்தவை. திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும். பெர்த்தில் இருந்தவற்றை ரொட்னஸ்ட் தீவுக்கு அப்பால் இழுத்துக்கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்தார்கள். அத்தனை இரவுகள் விழாமல் தாண்டிய கடலிலேயே கையால் தள்ளி அமிழ்த்தியதைப் படிக்கும்போது, விதியில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள் என்று தெரிந்தும், எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாம்.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் வந்தது. 14,500 கிலோமீட்டர், பதினேழு மணி சொச்சம். அடுத்து சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எங்கும் இறங்காமல் போவதற்கான ஏற்பாடு. அதற்கு ‘உதயத் திட்டம்’ என்று க்வாண்டாஸ் பெயர் வைத்திருக்கிறது, இரட்டை உதயத்தின் நினைவாக. 2019இல் சோதனைப் பறப்பு நடத்தினார்கள். நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடம். 236 இருக்கைகள் உள்ள விமானத்தில் ஏறியவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். அதற்கு மேல் ஏற்றினால் எரிபொருள் போதாது. அதில் விமானிகளின் விழிப்பு நிலையை அளந்தார்கள், பயணிகளுக்கு எப்போது சாப்பாடு கொடுத்தால் தூக்கம் சீராகும் என்று பார்த்தார்கள். இப்போது வரப்போகிற விமானத்துக்குப் பின்பக்கம் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி. 238 இருக்கைகள். அதே அளவு உடல் கொண்ட விமானத்தில் மற்ற நிறுவனங்கள் முன்னூறுக்கும் மேல் வைக்கின்றன. நடுவில் பயணிகள் எழுந்து நின்று கைகாலை நீட்ட ஓர் இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். தொட்டி, குறைந்த இருக்கை, மிச்ச இடம் என்று எல்லாமே கேடலினாவின் கணக்குதான். பெயரை எடுத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

கொக்கலவைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. பெர்த்தில் ஆற்றங்கரையில் நினைவுகள் இருக்கின்றன, விமானிகளைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. பாதையின் மறுமுனையில் ஏரி மட்டும் இல்லை, ஒரு கிராமமும் இருந்தது. தென்னந்தோப்பும் மீன்பிடிப்பும் கோயிலுமாக இருந்த சிங்களக் கிராமம். போர்க்காலத்தில் விமானப்படைத் தளத்துக்காக அந்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஊர் காலியானது. சிங்கள இலக்கியத்தின் பெரும் எழுத்தாளர் மார்ட்டின் விக்ரமசிங்க பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு மட்டும் தப்பி நின்றது. இன்று அதைச் சுற்றி அவர் நினைவாக நாட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏர், உலக்கை, மீன்கூடை, முகமூடிகள், கட்டுமரம், வண்டிகள் என்று ஒரு வாழ்க்கையின் சாமான்கள் கண்ணாடிக்குப் பின்னால். தென் இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறார்கள்.

பெர்த்–கொக்கல தூரத்தைச் சாத்தியமாக்கக் கழற்றியவற்றின் பட்டியலில் அந்த ஊரையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். உள்பூச்சு, பனித்தடுப்புக் கருவி, பயணிகளின் இடம், பிறகு ஒரு கிராமம். முதல் மூன்றையும் யார் எப்போது எதற்காகக் கழற்றினார்கள் என்று விமான வரலாறு கிலோ கணக்கில் வைத்திருக்கிறது. நான்காவதை இலக்கிய வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது, ஓர் எழுத்தாளன் அந்த ஊரில் பிறந்தான் என்பதால். யாரும் பிறந்து எழுதாத ஊராக இருந்திருந்தால் அந்த இடத்தில் ஓடுபாதை இருந்தது என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். ஓடுபாதை இப்போதும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஏற்றுமதி வலயம் ஒன்று வந்திருக்கிறது. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் காலை மாலை பேருந்தில் ஏரியைக் கடந்து போகிறார்கள்.